கார் இல்லாதவரின் கைத்துப்பாக்கி உரிமை

2011 மே 5-ம் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் கீழவையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 65 பேர், எதிராக 32 பேர். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. ஆனாலும் தோற்றது மசோதாதான். சிகாகோ போன்ற தன்னாட்சி நகரங்களின் அதிகாரத்தில் மாநிலச் சட்டம் கைவைத்தால் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்பது இங்கே விதி. 118 பேர் கொண்ட அவையில் 71 வாக்கு வேண்டியிருந்தது. ஆறு குறைந்தது.

உரிமம் பெற்ற சாதாரண மனிதர் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்துக் கூட எடுத்துப்போகலாம் என்பதுதான் அந்த மசோதா. அதே ஆண்டு பக்கத்து விஸ்கான்சினில் அப்படியொரு சட்டம் வந்துவிட, ஐம்பது மாநிலங்களில் இதற்கு வழியே இல்லாத ஒரே மாநிலமாக இல்லினாய் தனித்து நின்றது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அதைச் சாதித்தவர்கள் யார் என்பதைப் பற்றியும், அவர்கள் இன்னும் முடிக்காமல் விட்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் ப்ளூமிங்டனில் வசிக்கிறேன். சிகாகோவுக்கும் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நடுவே, சோளக்காட்டுக்கு மத்தியில் இருக்கும் ஊர். காப்பீட்டு நிறுவன வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. என்னிடம் இந்த உரிமம் இருக்கிறது. இந்த உரிமை தேவை என்று முழு மனதோடு நம்புகிறேன். பொங்கல் விழாவில் இதைச் சொன்னால் சுற்றி நிற்பவர்கள் முகம் மாறுகிறது. ‘துப்பாக்கி உரிமை’ என்றதும் பணம் கொழுத்த ஒரு சங்கம், அதன் கையில் இருக்கும் அரசியல்வாதிகள், தோளில் பெரிய துப்பாக்கியோடு கோஷம் போடும் கூட்டம், இவைதான் அவர்கள் கண்முன் வருகின்றன. இல்லினாயில் நான் பார்த்தது அப்படியில்லை.

நான் பார்த்தது விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர்கள், தேவாலயத்தில் கணக்கு எழுதும் பாட்டிகள். ஷாம்பெய்ன் பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்கள் வயலோரத்தில் சின்னச் சின்னப் பலகைகள் வரிசையாக நிற்பதைக் கவனித்திருப்பார்கள். ஒரு பலகையில் ஒரு வரி. கொஞ்ச தூரம் தள்ளி அடுத்த பலகையில் அடுத்த வரி, எதுகையோடு. நாலைந்து பலகை கடந்தால் ஒரு பாட்டு முடியும். கடைசிப் பலகையில் ‘கன்ஸ் சேவ் லைஃப்’ (துப்பாக்கி உயிர் காக்கும்) என்று அமைப்பின் பெயர். அந்தக் காலத்தில் ஒரு ஷேவிங் கிரீம் கம்பெனி செய்த விளம்பர உத்தி அது. அடுத்த வரி என்ன என்று கார் ஓட்டுபவரை எதிர்பார்க்க வைக்கும் அந்தப் பலகைகளை, கோடி ரூபாய் தொலைக்காட்சி விளம்பரத்தைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

மாவட்ட வாரியக் கூட்டங்களுக்குப் போய், ‘எங்கள் மாவட்டம் புதிய துப்பாக்கித் தடைகளை எதிர்க்கிறது’ என்று ஒவ்வோர் ஊராகத் தீர்மானம் போடவைத்தார்கள். சட்டப்படி அந்தத் தீர்மானங்களுக்குப் பலமில்லை. ஆனால் தன் தொகுதி எப்படி நினைக்கிறது என்று சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரிந்துவிடும். பின்னாளில், 2018-ல், எஃபிங்ஹாம் மாவட்டம் தன்னைத் துப்பாக்கி உரிமையின் சரணாலயம் என்றே அறிவித்துக்கொண்டது. அந்த யோசனை மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

வருடத்துக்கு ஒருநாள் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடுவார்கள். துப்பாக்கி உரிமையாளர் பரப்புரை நாள், சுருக்கமாக ஐகோல்டு. மாநாட்டு மண்டபத்திலிருந்து சட்டமன்றக் கட்டடம் வரை ஊர்வலம். பிறகு உள்ளே போய்த் தங்கள் பிரதிநிதியைச் சந்திப்பது. மூன்றாம் மாடியில், அவைகளின் வாசலை ஒட்டிப் பித்தளைக் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்களின் தரகர்கள் அதில் சாய்ந்து நின்றபடிதான் காரியம் பார்ப்பார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு சீட்டில் நம் பெயரையும் ஊரையும் எழுதி வாசற்காவலரிடம் கொடுத்தால் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பார். உறுப்பினருக்கு நேரமிருந்தால் வெளியே வந்து பேசுவார். நான் முதன்முதலில் போனபோது என் பக்கத்தில் நின்றவர் பன்றிப் பண்ணைக்காரர். கை முழுக்கக் காய்ப்பு. எந்தச் சட்டப்பிரிவு எண், எந்தக் குழுவில் எப்போது விசாரணை என்று மனப்பாடமாகச் சொன்னார். “வரலைன்னா சீட்டை மறுபடி அனுப்புங்கம்மா, மூணாவது தடவை வந்துடுவாங்க” என்கிற மாதிரி அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு நல்ல பாடம்.

இப்போது வீட்டிலிருந்தே சாட்சிச் சீட்டு போடலாம். ஒரு மசோதா குழு விசாரணைக்கு வரும்போது மாநிலச் சட்டமன்றத்தின் தளத்தில் நம் பெயரைப் பதிந்து ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்று தெரிவிக்கலாம். எத்தனை ஆதரவு, எத்தனை எதிர்ப்பு என்ற எண்ணிக்கை பதிவாகிவிடும். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. துப்பாக்கிக்காக இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்துக்காகவாவது இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, 71-க்கு வருவோம். தெருவில் நடந்த வேலைக்கு இணையாக நீதிமன்றத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதன் நாயகன் என்று எனக்குத் தோன்றுபவர் ஓடிஸ் மெக்டொனால்ட். லூயிசியானாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினத்தவர். 17 வயதில் சிகாகோ வந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பராமரிப்புப் பொறியாளராக உழைத்து ஓய்வுபெற்றவர். மார்கன் பார்க் பகுதியில் அவர் வீட்டில் திரும்பத் திரும்பத் திருட்டு. தெருவில் போதை விற்பவர்களைப் பற்றிப் போலீசில் சொன்னால் மிரட்டல். வேட்டைத் துப்பாக்கி அவரிடம் இருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வேண்டும் என்றால், 1982-லிருந்து சிகாகோவில் அதற்கு வழியில்லை. 2010 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென்மாநிலங்களில் விடுதலை பெற்ற அடிமைகளிடமிருந்து ஆயுதங்களைப் பிடுங்கிய கதையை அந்தத் தீர்ப்பு விரிவாகவே சொல்கிறது. அப்போது அவருக்கு 76 வயது. 2014-ல் காலமானார்.

அந்தத் தீர்ப்பு வீட்டுக்குள் மட்டும். வாசற்படி தாண்டினால்? மாநிலத்தின் தென்கோடியில் அன்னா என்று ஒரு சிற்றூர். அங்கே பேப்டிஸ்ட் தேவாலயத்தில் பொருளாளராக இருந்தவர் மேரி ஷெப்பர்ட். 2009 செப்டம்பரில் தேவாலயத்துக்குள் புகுந்த ஒருவன் அவரை அடித்து நொறுக்கிவிட்டுப் போனான். வேறு மாநிலங்களில் துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் பெற்றிருந்தவர் அவர். சொந்த ஊரில் அது செல்லாது. அவரும் இன்னும் சிலரும் தொடுத்த வழக்குகளில் 2012 டிசம்பர் 11 அன்று கூட்டாட்சியின் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு மன்றம் இல்லினாயின் தடையை ரத்துசெய்தது. தீர்ப்பு எழுதியவர் ரிச்சர்ட் போஸ்னர். கைத்துப்பாக்கி உரிமையை முதலில் நிலைநாட்டிய 2008-ன் ஹெல்லர் தீர்ப்பை வெளிப்படையாக விமர்சித்தவர் அவர். அவரே, முப்பத்தைந்தாவது மாடியில் வசதியாக வசிப்பவரைவிட மோசமான பகுதியின் நடைபாதையில் நடப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம், தற்காப்பு உரிமை வீட்டோடு நின்றுவிட முடியாது என்று எழுதினார். புதிய சட்டம் இயற்ற 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

நடைபாதையில் நடப்பவர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. தென்பகுதி ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பிராண்டன் ஃபெல்ப்ஸ் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தை ஆளுநர் பேட் குவின் 2013 ஜூலை 2-ம் தேதி திருத்தங்களோடு திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு ஒரு துப்பாக்கி, பத்துத் தோட்டா, மது பரிமாறும் உணவகங்களில் தடை என்றார். ஜூலை 9-ம் தேதி கீழவை 77-க்கு 31 என்றும், மேலவை 41-க்கு 17 என்றும் அவரை மீறின. கவனியுங்கள், ஆளுநரும் ஜனநாயகக் கட்சி, சட்டத்தைக் கொண்டுவந்தவரும் ஜனநாயகக் கட்சி. இங்கே இது கட்சிச் சண்டையைவிட ஊர்ச் சண்டை; சிகாகோவும் அதற்கு வெளியே இருப்பவர்களும்.

நம் வாசகர்களுக்கு ஒன்று புரியவேண்டும். நம்மூரில் துப்பாக்கி உரிமம் என்றால் 1959-ன் ஆயுதச் சட்டம், கலெக்டர் அலுவலகம், போலீஸ் அறிக்கை. கேட்பவருக்கு அவசியம் இருக்கிறதா என்று அதிகாரி முடிவுசெய்வார். நியூயார்க்கிலும் 2022 வரை, நூறாண்டுக்கு மேலாக, கிட்டத்தட்ட இதே கதைதான். ‘தகுந்த காரணம்’ காட்டவேண்டியிருந்தது, அது தகுந்ததா என்று அதிகாரி தீர்மானித்தார். யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நானே சொல்லவேண்டுமா? 1956-ல் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வைத்தார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அவர் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அவருக்கே ‘தகுந்த காரணம்’ இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்? 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் சட்டத்தைச் செல்லாது என்றபோது நான் முதலில் நினைத்தது அவரைத்தான். இல்லினாய் சட்டம் வேறு வகை. சட்டம் சொல்லும் தகுதி இருந்தால் அதிகாரி கொடுத்தே ஆகவேண்டும்; போலீஸ் ஆட்சேபித்தால் மட்டும் ஒரு குழு பரிசீலிக்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் அத்தனை சீட்டும் அத்தனை ஊர்வலமும்.

உரிமம் சும்மா கிடைத்துவிடாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். 16 மணி நேரப் பயிற்சி. அதில் சட்டமும் நிதானமும் உண்டு: எப்போது சுடக்கூடாது, எப்போது விலகிப் போகவேண்டும், சண்டை வரும் இடத்துக்கு ஏன் போகவே கூடாது. கடைசியில் சுடும் தேர்வு. ஐந்து கஜத்தில் பத்து, ஏழு கஜத்தில் பத்து, பத்து கஜத்தில் பத்து என்று 30 குண்டு. எழுபது சதவீதம் மனித உருவக் காகிதத்தில் பட்டிருக்க வேண்டும். காதடைப்பை மீறி நெஞ்சில் வந்து அறையும் அந்தச் சத்தம். காலடியில் உருளும் சூடான பித்தளைக் கூடுகள். இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று உடம்புக்கு அப்போது தெரிகிறது. என் பயிற்சியாளர் பெண்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார். கைப்பையில் வைக்காதீர்கள், பையைப் பறிக்கிறவன் துப்பாக்கியையும் கொண்டுபோவான் என்றார். உறையைத் தாங்க இடுப்பில் கெட்டியான பெல்ட் வேண்டும். சுடிதாருக்கும் புடவைக்கும் அது ஒத்துவராது. இந்த மாதிரி விஷயங்களை ஆண்கள் நிறைந்த வகுப்பில் யாரும் பேசுவதில்லை. பெண்கள் சேர்ந்து நடத்தும் வகுப்புகள் பெருகவேண்டும் என்பது என் ஆசை.

இனி முடியாத வேலைக்கு வருகிறேன்.

சிகாகோவில் டெவான் அவென்யூவில் ஒரு கடையில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தியை எனக்குத் தெரியும். மதுரைப் பக்கம். இரவு கடையைப் பூட்டுவது அவள்தான். பிறகு பஸ், அப்புறம் ரெட் லைன் ரயில். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான் ஒருவன். நான் உரிமம் வாங்கிய விஷயம் கேள்விப்பட்டு ஃபோன் பண்ணினாள். விவரமெல்லாம் சொன்னேன். விண்ணப்பக் கட்டணம் 150 டாலர், ஐந்து வருடத்துக்கு. பயிற்சிக்குத் தனிச் செலவு, கைரேகைக்குத் தனிச் செலவு. துப்பாக்கி, உறை, தோட்டா. அதற்கெல்லாம் முன்னால் 1968-லிருந்து இருக்கும் துப்பாக்கி அடையாள அட்டை. சுடும் பயிற்சிக்குப் புறநகர் போகவேண்டும், கார் இல்லாமல். (மெக்டொனால்ட் தீர்ப்பு வந்த கையோடு, சுடும் பயிற்சி கட்டாயம், ஆனால் ஊருக்குள் பயிற்சிக் களம் கூடாது என்று சிகாகோ ஒரு விதி போட்டது, 2011-ல் நீதிமன்றம் அதைத் தடுத்தது.) எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொன்னேன்.

“அப்ப கார் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தானாக்கா இந்தச் சட்டம்?”

என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவள் சொன்னது சரி. 2013 சட்டம் தடைசெய்த இடங்களின் பட்டியல் நீளம்: பள்ளி, மருத்துவமனை, நூலகம், பூங்கா, பாதி வருமானத்துக்குமேல் மதுவில் ஈட்டும் கடை. காரில் வந்தவருக்கு அதே சட்டம் ஒரு வழி விட்டுவைத்திருக்கிறது. வண்டிக்குள் பூட்டிவைத்துவிட்டு உள்ளே போகலாம். பொதுப் போக்குவரத்தில் போகிறவர் என்ன செய்வார்? தோட்டாவை நீக்கி, பெட்டியில் அடைத்து எடுத்துப்போகலாம் என்பார்கள். ரயில் நிலையமே தடைக்குள் வருவதால் அதற்கு முன்பே, நடைபாதையில் நின்று, இரவு பதினொரு மணிக்கு, துப்பாக்கியை வெளியே எடுத்துத் தோட்டா கழற்றவேண்டும். தேவையில்லாமல் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காதே என்பது பயிற்சியின் முதல் பாடம். அதை மீறச்சொல்லும் சட்டம் யாருக்குப் பாதுகாப்பு? போஸ்னர் சொன்ன நடைபாதை மனிதர் இவள்தான். அவளைக் காட்டி வாங்கிய உரிமை அவளிடம் போய்ச் சேரவில்லை.

2024 ஆகஸ்டில் ராக்ஃபோர்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, வழக்குத் தொடுத்த நால்வரைப் பொறுத்தவரை இந்தப் போக்குவரத்துத் தடை செல்லாது என்றார். 2025 செப்டம்பரில் ஏழாவது வட்ட மன்றம் அதை மாற்றி, நெரிசலான இடங்களில் தடை விதிப்பது பழைய மரபுதான் என்றது. நெரிசல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மாலை ஐந்து மணி ரெட் லைன் பெட்டியில் மூச்சுவிட இடமிருக்காது. ஆனால் என் தங்கை போகும் நேரத்தில் பெட்டி காலி. அந்தக் காலிதான் அவள் பயமே.

எதிர்ப்பவர்கள் சொல்வதை நான் படிக்கிறேன். ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தகுதியுள்ளவர்க்கெல்லாம் உரிமம் தரும் சட்டங்களால் கொலைகள் கூடுகின்றன என்பதற்குச் சான்று இருப்பதாகச் சொல்கிறது. என் பக்கத்தில் பலர் இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். நான் போகமாட்டேன். உரிமம் பெற்றவர்களே கொலைசெய்கிறார்கள் என்பது மட்டுமல்ல சொல்லப்படும் காரணம். அவர்களின் துப்பாக்கிகள் திருடுபோய்த் தவறான கைக்குப் போகின்றன என்று ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். பல நேரம் நிறுத்திவைத்த கார்களிலிருந்து. அப்படியானால் தடைப்பட்டியலை நீட்டி, ‘காரில் வைத்துவிட்டு வா’ என்று சொல்லும் சட்டம் திருடனுக்குத்தான் உதவுகிறது. காரில் இரும்புப் பெட்டி கட்டாயம் என்று கொண்டுவாருங்கள், முதல் ஆதரவுச் சீட்டு நான் போடுகிறேன். பிள்ளையைத் தெருச் சண்டையில் பறிகொடுத்த சிகாகோத் தாய்மார் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வருகிறார்கள், அதே பித்தளைக் கம்பியருகே நிற்கிறார்கள். அவர்களோடு வாதாட எனக்கு வாய் வராது. அவர்களில் பலரும் அதே ரயிலில்தான் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை மட்டும் என் ஆட்களுக்கு நினைவூட்டுகிறேன்.

என் ஆட்களிடம் எனக்கு ஒரு பெரிய மனவருத்தம் உண்டு. 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீலைப் போலீஸ்காரர் ஒருவர் காரை நிறுத்திச் சுட்டுக்கொன்றார். பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். உரிமம் வைத்திருந்தார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தானே முன்வந்து சொன்னார். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருகிறார்களே, அதைச் செய்த மனிதர். அடுத்த ஆண்டு அந்தப் போலீஸ்காரர் விடுதலையானார். தேசிய அளவில் பெரிய சங்கம் அப்போது பேசிய பட்டும்படாத பேச்சு இன்னும் என் காதில் உறுத்துகிறது. உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்காகவும் எழுந்து நிற்காவிட்டால் நாம் எதற்காகக் கூடுகிறோம்? எங்கள் ஊர்க்கூட்டத்தில் இதை எழுப்பினேன். சிலர் நெளிந்தார்கள். அந்தப் பன்றிப் பண்ணைக்காரர் எழுந்து, “அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்” என்றார். போலீஸ் நிறுத்தும்போது என்ன செய்வது என்று உரிமக்காரருக்கு மட்டும் பாடம் நடத்தினால் போதாது, போலீசுக்கும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கை அன்றுதான் எங்கள் பட்டியலில் ஏறியது.

அடுத்த வசந்தத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு போகும்போது எங்கள் சீட்டில் மூன்று விஷயம் இருக்கும். உரிமம் பெற்றவர்க்குப் பஸ், ரயில் தடையை நீக்கவேண்டும். உடனே முடியாதென்றால் இரவு நேரத்துக்காவது முதலில். குறைந்த வருமானக்காரருக்கு 150 டாலர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவேண்டும், பயிற்சியைக் குறைக்கவேண்டாம். போலீஸ் பயிற்சி மூன்றாவது. தென்பகுதி விவசாயிகளில் பாதிப்பேர் வாழ்நாளில் ரெட் லைனில் ஏறியதில்லை. அதனால் இந்தமுறை டெவானிலிருந்து நாலு பெண்களை அழைத்துவரப் போகிறேன், அவர்கள் வாயாலேயே சொல்லட்டும் என்று. சிகாகோவிலிருந்து காலை ரயிலில் வருவார்கள். நான் ப்ளூமிங்டனில் ஏறிக்கொள்வேன். தங்கை கடையில் விடுப்புக் கேட்டிருக்கிறாள். இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. வர விரும்புகிற அக்கா தங்கைகள், துப்பாக்கியைத் தொட்டே இராதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். சீட்டு எப்படி எழுதுவது என்று வழியில் சொல்லித்தருகிறேன்.